மிட்சுவோ புச்சிடா: மீண்டு வந்த விமானி

காவிரியின் கிளையாகிய அரசலாறு கடலொடு கலக்கும் காரைக்காற் கரையில் நின்று தென்கிழக்கே நோக்குவார்க்குத் தோன்றுவது நீர்ப்பரப்பு ஒன்றே. எனினும் அத்திசையில், ஏறக்குறைய 190 மைல் தொலைவில், இலங்கைத் தீவின் திருக்கோணமலைத் துறைமுகம் உளது. 1942-ம் ஆண்டு ஏப்ரல் மாதம் 9-ம் தேதி காலையில் அத்துறைமுகத்தின்மீது ஜப்பானிய விமானங்கள் கூட்டங்கூட்டமாக வந்து குண்டு பொழிந்தன. அவை எந்நாட்டுக் கரையினின்றும் புறப்பட்டவையல்ல. நடுக்கடலில் ஓடிக்கொண்டிருந்த கப்பல்களின் மேற்றளத்தினின்று எழுந்து, மீண்டும் அக்கப்பல்களிலேயே சென்று இறங்கியவை. அவற்றை நடத்தி வந்த தலைவர் மிட்சுவோ புச்சிடா என்னும் கடற்படை விமானி. அவருடைய வாழ்க்கையையும், அவர் மேற்கொண்டிருந்த அரிய தொழிலின் இயல்பையும் யாம் ஈண்டுச் சுருக்கி உரைக்கப் புகுகின்றோம்.

அந்நாளில் காரைக்கால் பிரெஞ்சுக்காரர் ஆட்சியில் இருந்தது. பிரான்சு தேசம் 1940-ல் ஜெர்மனிக்குப் பணிந்தபின், புதுச்சேரிக் கவர்னராயிருந்த லூயி போன்வேன் அவ்வாண்டு செப்டம்பர் மாதத்தில் ஜெனரல் தெ கோலின் பக்கம் சேர்ந்தமையால், காரைக்காலும் நேச நாடுகளின் அணியைச் சார்ந்ததாயிற்று. இவ்வூர்க் குடும்பங்கள் பலவற்றின் ஆடவர் சைகோனில் உத்தியோகம் பார்த்து வந்தனர். அந்நகரமோ ஜப்பானியர் பிடியில் அகப்பட்டிருந்தது. 1942 ஏப்ரல் 6-ம் தேதி விசாகப்பட்டினத்திலும் காக்கிநாடாவிலும் குண்டுகள் வீழ்ந்தன. பகைவர் கரையிறங்குவர் என்னும் அச்சத்தால் அம்மாதத்திலேயே சென்னை நகரத்தினின்று மக்கள் பெருந்திரளாக வெளியேறினர்; அரசாங்க அலுவலகங்களும் உள்நாட்டு ஊர்களுக்கு மாற்றப்பட்டன. ஆதலின், இஃது அயல்நாட்டார் ஒருவர் சரிதமாயினும், நம் முன்னோர் வானத்தை அஞ்சி நோக்கியிருந்த நாட்களோடு தொடர்புடையதேயாகும்.

இளமையும் கல்வியும்

புச்சிடா 1902-ம் ஆண்டு டிசம்பர் மாதம் 3-ம் தேதி ஜப்பானின் நாரா மாகாணத்தில் பிறந்தார். அம்மாகாணம் கடலோரமே இல்லாத உள்நாட்டுப் பகுதி. ஆயினும் 1905-ல் ருஷ்யக் கடற்படையைச் சுஷிமா நீரிணையில் முறியடித்த பின்னர், ஜப்பானியக் கடற்படையிற் சேர்தல் அந்நாட்டுச் சிறுவர்க்குப் பெரும்பேறாகத் தோன்றிற்று. புச்சிடாவும் 1921-ல் எட்டாஜிமாவிலுள்ள கடற்படைக் கல்லூரியிற் சேர்ந்து, 1924-ல் தேறி வெளிவந்தார். அங்கே அவருக்கு வாய்த்த நண்பர் மினோரு கெண்டா என்பவர். பின்னாளில் முத்துத் துறைமுகத் தாக்குதலின் விமானத் திட்டத்தை வகுத்தவர் இக்கெண்டாவே.

அவர்கள் கல்வி கற்ற காலமும் நோக்கத்தக்கது. கப்பலினின்று விமானம் செலுத்தும் கலை அப்பொழுதுதான் உருவாகிக்கொண்டிருந்தது. 1921-ல் பிரிட்டனிலிருந்து சென்ற ஒரு குழுவினரே ஜப்பானியக் கடற்படையினர்க்கு அக்கலையைப் பயிற்றினர். விமானந்தாங்கியாகவே திட்டமிட்டு முதன்முதலிற் கட்டத் தொடங்கப்பெற்ற கப்பல் பிரிட்டனின் ஹெர்மிஸ். ஆனால் ஜப்பானியரின் ஹோஷோ 1922-லேயே அதனை முந்திப் பணியிற் சேர்ந்தது. ஹெர்மிஸ் 1924-ல் சேர்ந்தது. ஆசிரியர் கப்பலுக்கு மாணாக்கரால் நேர்ந்த முடிவைப் பின்னர்க் காண்போம்.

புச்சிடா விமானப் பயிற்சி பெற்று, மட்டமாகப் பறந்தவாறே குண்டெறியும் முறையில் வல்லுநராகி, அதனைப் பிறர்க்கும் பயிற்றினார். சீனத்தில் நடந்த போரில் அனுபவம் பெற்று, 1939-ல் அக்காகி என்னும் பெருங்கப்பலின் விமானப் பிரிவிற்குத் தலைவரானார்.

கப்பற்றள விமானத் தொழில்

நிற்க. இத்தொழிலின் அருமையை அறியாதார்க்கு இவர் வாழ்க்கை விளங்காது. ஆதலின் அதனைச் சிறிது விரித்துரைப்பாம்.

ஓடும் கப்பலில் முதன்முதல் விமானத்தை இறக்கியவர் எட்வின் டன்னிங் என்னும் ஆங்கில வீரர். 1917-ம் ஆண்டு ஆகஸ்டு 2-ம் தேதி, சிறியதொரு சண்டை விமானத்தை பியூரியஸ் என்னும் கப்பலின் தளத்தில் அவர் இறக்கினார். ஐந்து நாட்களுக்குப் பின் அதனையே மீண்டும் முயன்றபொழுது, விமானம் தளத்தினின்று வழுவிக் கடலில் வீழ, அவர் மூழ்கி இறந்தார். ஏறுதலினும் இறங்குதலே அரிது என்பதை இத்தொழில் தோன்றிய நாளிலேயே உலகம் கண்டுகொண்டது.

அக்காகியின் தளம் ஏறக்குறைய 800 அடி நீளமுடையது. புறப்படும் விமானங்கள் பின்பக்கத்தில் நெருங்கி நிற்குமாதலால், முன்னே நிற்கும் விமானத்திற்கு அந்நீளத்தில் ஒரு பகுதியே கிட்டும். ஜப்பானியக் கப்பல்களில் விமானத்தை உந்தியெறியும் பொறியும் இல்லை. எனவே கப்பல் காற்றுக்கு எதிர்முகமாகத் திரும்பி முழுவேகத்தில் ஓடும். எதிர்க்காற்றின் வேகமும் கப்பலின் வேகமும் கூடி இறக்கைகளுக்குத் தாங்கு கொடுக்கும். கப்பலின் முனை அலையிற் றாழ்ந்து எழும் தருணத்தை நோக்கி விமானத்தை விடுவர். தருணம் தவறின், எதிரே தோன்றுவது கடல்நீரே.

எழுந்தபின் வருவது வழியறியும் தொல்லை. நம் கடற்கரை மீனவர் விண்மீனையும் காற்றையும் நீரோட்டத்தையும் கொண்டு கரை திரும்புவர். அவர் மீளும் கரை பெயர்வதில்லை. விமானி மீளவேண்டிய கரையோ, அவன் சென்ற நேரத்தில் எழுபது எண்பது மைல் பெயர்ந்திருக்கும். பகைவர் அறியாவண்ணம் அக்கப்பல் பெரும்பாலும் கம்பியில்லாத் தந்தி பேசாது மௌனமாயிருக்கும். அலைகளின் நுரையை நோக்கிக் காற்றின் வேகத்தை மதித்து, மடியிற் கட்டிய பலகையில் கணக்கிட்டு, எண்ணெய் குறையுமுன் அப்புள்ளியை அவன் கண்டுபிடித்தாகல் வேண்டும். பிரிட்டிஷார் தங்கள் புல்மார் என்னும் கப்பற்சண்டை விமானத்தில், வழி காண்பதற்கென்றே இரண்டாமவர் ஒருவரை ஏற்றினர். அவ்விரண்டாமவரின் பாரத்தால் விமானம் வேகங்குன்றிச் சண்டையில் நலிந்தது. ஜப்பானியரின் ஜீரோ விமானத்திலோ ஒருவரே செலுத்தினார், சுட்டார், வழியும் கண்டார்.

ஜப்பானியர் கணக்கில் 2600 ஆகிய 1940-ம் ஆண்டின் இறுதி எண்ணால் ஜீரோ எனப் பெயர்பெற்ற அவ்விமானம், பாரங்குறைந்தது, நெடுந்தூரம் செல்லவல்லது, நினைத்தவாறு திரும்பவல்லது. அந்நலன்களின் விலை விமானியின் உயிர்க்காப்பு. இருக்கைக்குப் பின் இரும்புத் தகடில்லை. குண்டு பட்டால் தானே அடைத்துக்கொள்ளும் எண்ணெய்த் தொட்டியுமில்லை. எண்ணெய்த் தொட்டியிற் குண்டு பாய்ந்தால் விமானம் எளிதில் தீப்பற்றும்.

இறங்கும்பொழுது தளத்தின் பக்கத்தில் இரு வரிசை விளக்குகள் தோன்றும். ஒன்று பச்சை, மற்றொன்று சிவப்பு. இரண்டும் ஒரே மட்டத்திற் காணப்படின் விமானம் தக்க சரிவில் வருகின்றது. ஒன்று மற்றொன்றின் மேலோ கீழோ தோன்றின் உயரம் பிழைத்தது. விமானத்தின் வாலிலுள்ள கொக்கி, தளத்தின் குறுக்கே கட்டிய கம்பிகளுள் ஒன்றைப் பற்றுதல் வேண்டும். பற்றாவிடின், முன்னே நிறுத்திய விமானங்களைக் காக்கும் தடுப்பில் மோதவேண்டியதே. தளமோ ஏறியும் தாழ்ந்தும் சாய்ந்தும் அசைந்துகொண்டிருக்கும்.

இத்துணை இடர்ப்பாடுடைய தொழிலை இளைஞர் ஏன் விரும்பினர்? விடியலில் கருங்கடலினின்று எழுந்து மேகத்தின்மேல் ஞாயிற்றைக் காணும் இன்பமும், பல்லாயிரவர் செய்யமாட்டாத ஒன்றைத் தான் செய்கின்றேன் என்னும் பெருமிதமும், கண்ணும் கையும் அறிவும் ஒருங்கே இயங்கும் அந்நிலையின் மயக்கமும் அவர்களை ஈர்த்தன. அக்கவர்ச்சி பொய்யன்று. அதனை மறுத்துரைப்போமாயின் இளைஞர் நம்மை நம்பார். ஆயின் அக்கவர்ச்சியே ஒருவனை எங்குக் கொண்டு சேர்க்கும் என்பதையும் சேர்த்து நோக்குதல் வேண்டும்.

வெற்றிக் காலம்

1941-ம் ஆண்டு டிசம்பர் மாதம் 7-ம் தேதி காலை, ஹவாய்த் தீவுகளுக்கு வடக்கே சுமார் 230 மைல் தொலைவினின்று ஆறு கப்பல்கள் தம் விமானங்களை ஏவின. முதல் அணியில் 183 விமானங்கள். அவற்றின் தலைவர் புச்சிடா. மூவர் அமரும் குண்டு விமானமொன்றின் நடு இருக்கையில் அமர்ந்து அவர் அணியை நடத்தினார். ஹொனலூலு வானொலி நிலையம் ஒலிபரப்பிய சங்கீதத்தையே திசைகாட்டியாகக் கொண்டு வழி கண்டார் என்பர். எதிர்பாராத் தாக்குதல் கைகூடிற்று என்னும் சங்கேதச் செய்தியை அவர் அனுப்பிய சிறிது நேரத்தில் முத்துத் துறைமுகம் தீயிடைப்பட்டது. அன்று இறந்த அமெரிக்கர் 2,403 பேர். ஜப்பானியர் இழந்தவை 29 விமானங்கள். புச்சிடா தம் நாட்டில் பெரும்புகழ் எய்திச் சக்கரவர்த்தியின் முன்னிலையிலும் அழைக்கப்பெற்றார்.

1942 பிப்ரவரி 19-ம் தேதி ஆஸ்திரேலியாவின் டார்வின் துறைமுகத்தை 188 விமானங்களோடு தாக்கினார். அதன்பின் ஐந்து விமானந்தாங்கிகள் இந்து மகாசமுத்திரத்தில் நுழைந்தன.

இலங்கைக் கடலில்

ஏப்ரல் 4-ம் தேதி மாலை, லியோனார்டு பெர்ச்சால் என்னும் கனடிய வீரர் தம் கடல் விமானத்தில் சுற்றிவருகையில் அக்கப்பற்படையைக் கண்டார். சுட்டு வீழ்த்தப்படுமுன் இலங்கைக்கு எச்சரிக்கை அனுப்பினார், பின்னர்ச் சிறைப்பட்டார். மறுநாள் உயிர்த்தெழுதல் ஞாயிறு. அன்று காலை புச்சிடாவின் தலைமையில் 36 ஜீரோக்களும் ஏறக்குறைய 90 குண்டு விமானங்களும் கொழும்பின்மேல் வந்தன. எச்சரிக்கை கிட்டியிருந்தும், விமானங்கள் தலைக்குமேல் வரும்வரை அவற்றின் வருகை அறியப்படவில்லை. இரத்மலானையினின்றும் குதிரைப்பந்தயத் திடலினின்றும் அவசரமாக எழுந்த ஹரிக்கேன் விமானங்களுள் சுமார் 20 அழிந்தன. புல்மார்கள் நான்கு வீழ்ந்தன. டார்பிடோ சுமந்து அவ்வழியே வந்த ஆறு சுவார்டுபிஷ் விமானங்களும் தப்பவில்லை. அன்றே நடுக்கடலில் டார்செட்ஷயர், கார்ன்வால் என்னும் இரு குரூஸர்கள் மூழ்கடிக்கப்பட்டு 424 பேர் மாண்டனர்.

9-ம் தேதி திருக்கோணமலையின் முறை. இம்முறை ராடார் முன்னரே அறிவித்தமையால் சீனக்குடாவினின்று ஹரிக்கேன்கள் எழுந்து எதிர்த்தன. எனினும் துறைமுகம் பெருஞ்சேதமுற்றது. முந்தின இரவே துறைமுகத்தை விட்டு நீங்கியிருந்த ஹெர்மிஸ், மட்டக்களப்புக்கு அருகே கடலில் அகப்பட்டுக்கொண்டது. விமானந்தாங்கியாகிய அக்கப்பலில் அன்று தன்னைக் காக்க ஒரு விமானமேனும் இல்லை. செங்குத்தாகப் பாய்ந்து குண்டெறியும் ஜப்பானிய விமானங்கள் அதனைச் சில நிமிடங்களில் மூழ்கடித்தன; 307 பேர் இறந்தனர். கப்பற்றள விமானங்களால் மூழ்கடிக்கப்பட்ட முதல் விமானந்தாங்கி அதுவே. பிரிட்டிஷார் கற்பித்த பாடம் அவர்கள் கப்பலின்மேலேயே ஒப்புவிக்கப்பட்டது. அதே நாளில் ஒன்பது பிளென்ஹீம் விமானங்கள் சென்று அக்காகியின்மீது குண்டெறிந்தன. குண்டுகள் கப்பலுக்கு அருகே நீரில் வீழ்ந்தன. புச்சிடாவின் கப்பல் தப்பிற்று.

மீளத் தளமின்மை

அதற்கு ஒன்பது நாட்களுக்குப் பின், ஏப்ரல் 18-ம் தேதி, ஹார்னெட் என்னும் அமெரிக்கக் கப்பலினின்று 16 பெரிய குண்டு விமானங்கள் எழுந்து ஜப்பானிய நகரங்களைத் தாக்கின. அவை கப்பலினின்று எழக்கூடியவை, கப்பலில் இறங்கக்கூடியவையல்ல. பதினாறாம் விமானத்தில் குண்டெறிபவராயிருந்தவர் ஜேக்கப் டிஷேசர். எண்ணெய் தீர்ந்து, சீனத்தில் ஜப்பானியர் ஆண்ட பகுதியிற் குதித்து, அவர் சிறைப்பட்டார். நாற்பது மாதச் சிறைவாசத்தில் பெரும்பகுதி தனிச்சிறை. உடன் அகப்பட்டோருள் மூவர் கொல்லப்பட்டனர். ஒருவர் உணவின்றி நலிந்து இறந்தார். இவர் பெயரை நேயர்கள் நினைவிற் கொள்க.

ஜூன் 4-ம் தேதி மிட்வேத் தீவருகே பெரும்போர் நடந்தது. சில நாட்களுக்கு முன் குடல்வால் நோய்க்காகக் கப்பலிலேயே அறுவைச்சிகிச்சை பெற்றிருந்த புச்சிடா பறக்க இயலாது தளத்தில் இருந்தார். அமெரிக்க விமானங்கள் மேலிருந்து பாய்ந்தபொழுது அக்காகி, காகா, சோரியூ மூன்றும் சில நிமிடங்களில் எரியலாயின. எரியும் கப்பலினின்று தப்பிக் குதிக்கையில் புச்சிடாவின் இரு கணுக்கால்களும் முறிந்தன. வானிலிருந்த ஜீரோ விமானிகள் எஞ்சிய ஹிரியூவில் இறங்கினர். அன்று மாலைக்குள் அதுவும் தாக்குண்டது. அதன்பின் வானில் இருந்தோர்க்கு இறங்கத் தளமில்லை. விமானத்தோடு கடலிலேயே இறங்கினர். எத்துணைத் திறமையிருப்பினும், மீளுமிடம் அழிந்தபின் அத்திறமை என்ன பயனைத் தரும்?

அதன்பின் புச்சிடா பெரும்பாலும் கரையிலிருந்து திட்டம் வகுக்கும் அதிகாரியாகப் பணிபுரிந்தார். 1944 ஜூன் 20-ம் தேதி, பிலிப்பைன் கடலில் எண்ணெய் குறைந்து இருளில் மீண்ட தம் விமானிகளுக்காக, பகைவர்க்கு இடந்தெரியும் என்பதையும் பாராது, அமெரிக்கத் தளபதி மிட்ஷர் கப்பல்களின் விளக்குகளை ஏற்றச் செய்தார். பல விமானங்கள் கடலில் வீழ்ந்தபோதிலும் விமானிகளுட் பெரும்பாலோர் காப்பாற்றப்பட்டனர். அவ்வாண்டு அக்டோபரில் ஜப்பானியக் கடற்படையோ, மீளவே வேண்டாத விமானிகளைக் குண்டோடு பகைக்கப்பல்மீது மோத ஏவிற்று. மீளுங்கலையிற் சிறந்து விளங்கிய ஒரு படை, மீளுதலையே கைவிட்ட நிலை அது. ஆண்டுக்கணக்கில் பயிற்றிய பழைய விமானிகள் மாண்டுபோயினர். புதியவர்க்குப் பயிற்சிக்கு நேரமும் எண்ணெயும் இல்லை.

1945 ஆகஸ்டில் இராணுவ ஆலோசனைக்காக ஹிரோஷிமாவில் இருந்த புச்சிடா, அணுகுண்டு வீழ்ந்ததற்கு முந்தின நாள் தலைநகருக்கு அழைக்கப்பட்டமையால் தப்பினார். மறுநாள் அழிவைக் காண அனுப்பப்பட்டோருள் அவரும் ஒருவர்.

போருக்குப் பின்

படை கலைக்கப்பட்டபின் புச்சிடா உழவுத்தொழில் செய்து வாழ்ந்தார். போர்க்குற்ற விசாரணைகளைக் கண்டு, வென்றவர் நீதி இதுவென வெகுண்டார். ஜப்பானியக் கைதிகளை அமெரிக்கரும் கொடுமைப்படுத்தியிருப்பர் என நிரூபிக்கும் நோக்குடன், 1947-ல் ஊராகாத் துறைமுகம் சென்று மீண்டுவரும் கைதிகளை வினவினார். இறந்தாரெனத் தாம் கருதியிருந்த பழைய தோழர் ஒருவரையே அங்குக் கண்டார். அத்தோழர் கூறியதோ வேறொன்று. பிலிப்பைன் தீவுகளில் ஜப்பானியப் படையினரால் 1943-ல் கொல்லப்பட்ட கோவெல் என்னும் மிஷனெரித் தம்பதியரின் மகள், அமெரிக்க மருத்துவமனையில் காயமுற்ற ஜப்பானியக் கைதிகளுக்கு அன்போடு பணிவிடை செய்தார் என்பதே அது. பழிக்குப் பழி வாங்குதலே பிள்ளையின் கடன் எனக் கற்றிருந்த புச்சிடாவால் அதனை விளங்கிக்கொள்ள முடியவில்லை.

1948-ல் தோக்கியோவின் ஷிபுயா ரயில் நிலையத்தருகே அவர் கையில் ஒரு சிறு துண்டுப்பிரசுரம் கொடுக்கப்பட்டது. அது டிஷேசரின் சிறைவாச வரலாறு. சிறையில் வேதாகமத்தைச் சில வாரங்கள் படிக்கப்பெற்று, தம்மைச் சிறைவைத்தோர்மேற் கொண்ட பகையை டிஷேசர் விட்டொழித்திருந்தார். அவ்வாண்டிலேயே மிஷனெரியாக ஜப்பானுக்கு மீண்டும் வந்தார். புச்சிடாவும் வேதாகமத்தை வாங்கிப் படிக்கலானார். லூக்கா எழுதிய சுவிசேஷத்தில், சிலுவையிலறைந்தோரை மன்னிக்குமாறு இயேசு வேண்டிய பகுதி அவர் உள்ளத்தை மாற்றிற்று. 1949-ல் கிறிஸ்தவரானார். 1950-ல் டிஷேசரை நேரிற் கண்டார். குண்டெறிந்த இருவரும் நண்பராகி ஒரே மேடையில் நின்று பேசினர். பின்னர் அமெரிக்கா முதலிய நாடுகளுக்கும் சென்று, தம்மால் உற்றாரை இழந்த மக்கள் முன்னிலையில் புச்சிடா சமாதானத்தைப் பற்றிப் பேசி வந்தார். 1976-ம் ஆண்டு மே மாதம் 30-ம் தேதி காலமானார்.

அவர் வாழ்க்கையை மதிப்பிடுதல்

இவ்வரலாற்றை எழுதுவோர் ஒன்றை மறைத்தலாகாது. புச்சிடா மசாதாகே ஒக்குமியாவுடன் சேர்ந்து 1951-ல் வெளியிட்ட மிட்வே வரலாறு நெடுங்காலம் சான்றாகக் கொள்ளப்பட்டது. தாக்குண்ட நேரத்தில் ஜப்பானியக் கப்பல்கள் ஐந்து நிமிடங்களிற் பதிலடி ஏவும் நிலையில் இருந்தன என்பது அந்நூலின் கூற்று. கப்பற்பதிவுகளை ஒப்புநோக்கிய பிற்கால ஆராய்ச்சியாளர், அக்கூற்று பொருந்தாதென நாட்டியுள்ளனர். அவர் கூறிய வேறு சில செய்திகளும் ஐயத்திற்கு இடமாயின. உள்ளம் மாறிய மனிதரும் தம் நினைவைத் தமக்குச் சாதகமாகத் திருத்திக்கொள்ளுதல் உண்டு. அவரைப் போற்றும் நாம் இதனையும் அறிந்தே போற்றுதல் நேர்மை. அவர் மனமாற்றத்தால் முத்துத் துறைமுகத்திலும் கொழும்பிலும் மாண்டோர் எழுந்து வரவுமில்லை.

எனினும் கல்வி கற்கும் இளைஞர்க்கு இவர் வாழ்க்கை பயனுடைத்து. புறப்படும் துணிவு இளமைக்கு எளிதில் வரும். கொடியும் முழக்கமும் புகழும் அதற்குத் துணைநிற்கும். வந்த வழி தவறெனக் கண்டபின், நாற்பத்தாறாம் வயதில், தன்னைப் புகழ்ந்தாரும் இகழ, தன்னைப் பகைத்தாரும் ஐயுற, தனியே திரும்பி வருதற்கு அத்துணைகளுள் ஒன்றும் இல்லை. அதற்கு வேண்டும் உறுதி, அலையும் தளத்தில் விமானத்தை இறக்கும் உறுதியினும் பெரிதென்றே யாம் கருதுகின்றோம். எத்தொழிலை மேற்கொள்ளினும், எவ்வளவு தூரம் செல்வேன் என எண்ணுமுன், எங்கே மீள்வேன் என எண்ணுக. மீண்டுவருவார்க்கு, முன்னர்ப் பகைவராயிருப்பினும், விளக்கேற்றி வைப்பாராகவும் நம் மாணவர் விளங்குக.